தலைக்குக் கரண்ட், கைக்குப் பயிற்சி: வெள்ளவத்தையில் ஒரு பக்கவாதச் சிகிச்சை நிலையம்

முதலில் காசைச் சொல்லிவிடுகிறேன். நான் போகிற இந்தப் பக்கவாதச் சிகிச்சை நிலையத்தைப் பற்றி எனக்குப் போன் எடுக்கிறவர்கள் சுற்றிவளைத்துக் கடைசியில் வந்து நிற்பது அதில்தான். மூளைத் தூண்டலும் கைப்பயிற்சியும் சேர்ந்த அமர்வு ஒன்று 6,500 ரூபா. மெசின் வேண்டாம், பயிற்சி மட்டும் போதும் என்றால் 4,000. இந்த இரண்டாவது விலை அவர்களுடைய பலகையிலும் இல்லை, துண்டுப்பிரசுரத்திலும் இல்லை. வாய்திறந்து கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.

நான் உயர்தரப் பௌதிகவியல் டியூசன் வாத்தியார். கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலுமாக வெண்பலகைக்கு முன்னால் நின்றே குடும்பத்தை ஓட்டியவன். போன வருடம் மூளையின் இடப்பக்கம் ஆழத்தில் ஒரு சின்ன இரத்தக் குழாய் அடைபட்டு, வலக்கையும் வலக்காலும் வழங்காமல் போயின. 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸ் வந்தது, பெரியாஸ்பத்திரி, வார்டு, அதெல்லாம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதை. கால் சில கிழமைகளில் தேறிவிட்டது. நாக்கு அதற்கும் முன்பே. கைதான் அடம்பிடித்தது. தோள் உயரும், முழங்கை பாதி நீளும், விரல்கள் மட்டும் மடிந்தபடியே கிடக்கும். மார்க்கர் பிடிக்க முடியாத வாத்தியாரிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? ஸ்லைட் போட்டுப் படிப்பிக்கலாமே என்று தம்பி சொன்னான். மின்சுற்றுக் கணக்கை ஸ்லைடில் படிப்பிக்கிறவனை நான் வாத்தியாராக ஒத்துக்கொள்வதில்லை.

நிலையம் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், இரண்டாம் மாடியில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன், சொந்தக்காரரோடு வழக்குப் பேச எனக்கு நேரம் இல்லை. வெள்ளவத்தைக்காரருக்கு இவ்வளவு சொன்னால் போதும், கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாசலிலேயே ஒரு குறை. பக்கவாதக்காரருக்கென்று திறந்த இடம், லிப்டுக்குப் போக மூன்று படி ஏற வேண்டும், கைபிடி இடப்பக்கம் மட்டும். எனக்கு இடக்கை நல்ல கை என்பதால் ஏறும்போது தப்பினேன். இறங்கும்போது அதே கைபிடி வலப்பக்கம் வந்துவிடும். இடப்பக்கம் விழுந்தவர்களுக்கு ஏறும்போதே கதை முடிந்தது. காவலாளி ஐயா தோள் கொடுப்பார், நல்ல மனுசன், ஆனால் அவரை நம்பியா கட்டடம் கட்டுவது? கழிவறையிலும் இதே கதைதான்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு பெரிய படம்: நீலத்தில் மூளை, அதில் மஞ்சள் மின்னல், கீழே 'உறங்கும் மூளையை எழுப்புகிறோம்' என்று தமிழில். நோயாளி கையெழுத்து வைக்கும் படிவம் மட்டும் முழுக்க ஆங்கிலம். தலையில் உலோகக் கிளிப் இருக்கிறதா, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, வலிப்பு வந்திருக்கிறதா, காதுக்குள் கருவி பொருத்தியிருக்கிறதா, உச்சந்தலையில் புண் இருக்கிறதா என்று கேட்கும் படிவம் அது. எழுப்புவதைத் தமிழில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இதைத் தமிழில் கேட்கத் தெரியாதா? எனக்கு முன்னால் இருந்த அம்மா ஒருவர் வாசிக்காமலே எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டார். நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணில் வில்லை வைத்ததைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அது பரவாயில்லை அம்மா என்று வரவேற்பில் இருந்த பிள்ளை சொன்னது. சரி.

இனி மெசின். இதில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூளையை வெளியிலிருந்து தூண்ட இரண்டு வழிகள் பரவலாகப் பாவனையில் உள்ளன. ஒன்று காந்தம். கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்து, அதற்குள் மிகப் பெரிய ஓட்டத்தைக் கணப்பொழுதில் விட்டு நிறுத்துவார்கள். மாறும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போய் மூளையில் ஓட்டத்தைத் தூண்டும். நான் வருடாவருடம் படிப்பிக்கும் பரடேயின் விதி அப்படியே. ஷெபீல்டில் அந்தனி பார்க்கர் என்பவர் 1985இல் இதைச் செய்து காட்டினார். கைக்குரிய இடத்தில் சுருளை வைத்தால் பெருவிரல் தானாகத் துள்ளும். இதற்குப் பெயர் டி.எம்.எஸ்., அதாவது மண்டையோட்டினூடான காந்தத் தூண்டல். இதன் மெசின் விலை கூட, இந்த நிலையத்தில் அது இல்லை.

இவர்களிடம் இருப்பது மற்றது, டி.டி.சி.எஸ்., அதாவது மண்டையோட்டினூடான நேரோட்டத் தூண்டல். பற்றரியில் ஓடும் சின்னப் பெட்டி, இரண்டு ரப்பர் மின்வாய்கள், அவற்றுக்கு உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுறைகள். 2 மில்லி அம்பியர், 20 நிமிடம். அவ்வளவுதான். பெட்டியின் திரையில் தடை காட்டும். எனக்குப் பெரும்பாலும் 5 கிலோ ஓம் பக்கம் நின்றது. 2ஐ 5ஆல் பெருக்குங்கள், 10 வோல்ற். அதிலும் பெரும்பங்கு தோலோடு தோலாகவே வழிந்துவிடும், மிச்சம்தான் மண்டையோட்டைத் தாண்டும். காந்தம் செய்வதுபோல நரம்புக் கலத்தை மின்துடிப்பு விட வைக்க இது போதாது. கலத்தின் மென்சவ்வு மின்னழுத்தத்தைச் சற்று நகர்த்தி, துடிப்பு விடுவதற்குக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து வைக்கும். கொட்டிங்கன் நகரில் நிட்சே, பவுலஸ் என்ற இருவர் 2000இல் இதை மனிதரில் அளந்து காட்டினார்கள். நேர் மின்வாய் வைத்த இடம் கூடுதலாக உசாராகும், எதிர் மின்வாய் வைத்த இடம் மந்தமாகும். 10 நிமிடத்தைத் தாண்டி விட்டால், நிறுத்திய பிறகும் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் அந்த உசார் நிற்கும் என்று அடுத்த வருடமே எழுதினார்கள்.

இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 6,500 ரூபாயும் அதில்தான் தொங்குகிறது. உசாராகி இருக்கும் அந்த நேரத்துக்குள் கை வேலை செய்ய வேண்டும். மூளை எதைப் பழகுகிறதோ அதைத்தான் இறுக்கிப் பிடிக்கும். கட்டிலில் படுத்து ரீவி பார்த்தால் ரீவி பார்க்கிறதைத்தான் இறுக்கிப் பிடிக்கும்.

வைக்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதை வடிவாகச் செய்கிறார்கள். தையற்காரரின் நாடா ஒன்றை எடுத்து மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பிடரி எலும்பு முட்டு வரை அளந்து நடுவைக் குறிப்பார்கள். பிறகு காதிலிருந்து காதுக்கு அளந்து, உச்சியிலிருந்து இடப்பக்கமாக அந்த நீளத்தின் 20 வீதம் இறங்கினால் கைக்குரிய இடம். அங்கே நேர் மின்வாய். எதிர் மின்வாய் வலக்கண் புருவத்துக்கு மேலே. ரப்பர் பட்டியால் இறுக்குவார்கள். உப்புத்தண்ணீர் காதோரம் வழிந்து கொலருக்குள் போகும். தொடங்கும்போது அரை நிமிடத்துக்கு மெதுமெதுவாக ஓட்டம் ஏறும், எறும்பு ஊர்கிற மாதிரிக் கடி. பிறகு மறந்துபோகும். கழற்றினால் நெற்றியில் சதுரமாகச் சிவந்திருக்கும். வீட்டுக்கு வந்தால் பேத்தி அதைத் தொட்டுப் பார்த்து 'தாத்தாவுக்கு ஸ்டாம்ப் அடிச்சிருக்கு' என்பாள்.

பயிற்சியை நடத்துகிற பிள்ளை மட்டக்களப்பு. வயது முப்பதுக்குள் இருக்கும். என்னைச் சேர் என்பார், நான் அவரை மிஸ் என்பேன். இந்த நிலையத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அவர்தான்.

முதல் நாள் என்னை மேசைக்கு முன்னால் இருத்தி, ஒரு பட்டியால் நெஞ்சைக் கதிரையோடு கட்டினார். கைதி மாதிரி இருந்தது. ஒரு வெற்றுக் கோப்பையை எட்டாத தூரத்தில் வைத்து, எடுங்க சேர் என்றார். நான் பட்டியோடு முன்னால் பாய்ந்தேன். "கோப்பைக்கிட்ட நீங்க போகக் கூடாது சேர், கைதான் போகணும்." அந்த ஒரு வசனத்தில் நான் மாதக்கணக்காக வீட்டில் செய்துவந்தது என்ன என்று விளங்கிவிட்டது. கை நீளாததற்கு உடம்பை அனுப்புகிறோம், முழங்கை நீளாததற்குத் தோளைத் தூக்குகிறோம். வேலை நடக்கும், கை பழகாது. பட்டி கட்டினால் கைக்கு வேறு வழியில்லை.

பிறகு எண்ணிக்கை. அவருடைய இடது உள்ளங்கையில் ஒரு கிளிக் கருவி இருக்கும், பஸ்ஸில் ஆள் எண்ணுகிற மாதிரியானது. ஒவ்வொரு முறை நான் எட்டிப் பிடித்து விட்டாலும் ஒரு கிளிக். தோள் தூக்கினால் கிளிக் இல்லை. கட்டை, மூடி, உடுப்புக் கொழுக்கி, சீட்டுக்கட்டைத் திருப்புவது, திறப்பைப் பூட்டில் சுழற்றுவது. ஒரு மணித்தியாலத்துக்கு இலக்கு 300. இது அவராகக் கண்டுபிடித்த எண் அல்ல. வட அமெரிக்கச் சிகிச்சை நிலையங்களில் கதரின் லாங்கும் அவருடைய குழுவும் போய் இருந்து எண்ணி 2009இல் எழுதினார்கள்: ஒரு அமர்வில் நோயாளி பாதிக்கப்பட்ட கையால் உருப்படியாகச் செய்யும் அசைவு சராசரி 32. ஆராய்ச்சிக்கூடத்து விலங்குகள் மூளை மாறுவதற்கு ஒரு நாளில் செய்வதோ நூற்றுக்கணக்கில். 32க்கும் 300க்கும் உள்ள இடைவெளியில்தான் நம்முடைய கைகள் பலவும் விழுந்து கிடக்கின்றன. கொழும்பில் நான் பார்த்த வேறு இடங்களில் கையை ஒருவர் பிடித்து ஆட்டிவிட்டு, சூட்டுப்பொதி வைத்து, கரண்ட் அடித்து அனுப்புவார்கள். சுகமாக இருக்கும். நித்திரையும் வரும்.

நல்ல கைக்கு ஒரு தடித்த கையுறை தருவார்கள், அடுப்பில் சட்டி இறக்குகிற மாதிரி ஒன்று. வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு கெட்ட கையாலேயே வேலை பார்க்க வேண்டும். அலபாமாவில் எட்வர்ட் டவுப் என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்த முறை இது. எக்சைட் என்ற பெரிய ஆய்வு 2006இல் வந்தது. 222 பேர், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். இரண்டு கிழமை, விழித்திருக்கும் நேரத்தில் 90 வீதம் வரை கையுறை, அதோடு கடும் பயிற்சி. வழமையான பராமரிப்பில் இருந்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள், ஒரு வருடம் கழித்தும் அது நின்றது. அதில் தலைக்குக் கரண்ட் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் விரலும் மணிக்கட்டும் ஓரளவாவது தாமாக நிமிர வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கையுறை வெறும் வதை. மிஸ் இதைச் சோதித்துப் பார்த்துத்தான் தருகிறார். எனக்குப் பக்கத்தில் வந்த ஒரு முதலாளி தனக்கும் கையுறை வேண்டும் என்று சண்டை பிடித்தார். அவருக்கு மிஸ் கொடுக்கவில்லை. சொந்தக்காரர் வந்து சொல்லியும் கொடுக்கவில்லை. அன்றைக்குத்தான் இங்கேயே வருவது என்று நான் முடிவெடுத்தேன்.

மிஸ் கேட்ட ஒரு கேள்வியும் எனக்குப் பிடித்தது: சேருக்குக் கை எதுக்கு வேணும்? மார்க்கர் பிடிக்க என்றேன். அடுத்த முறை போகும்போது சுவரில் தோள் உயரத்தில் ஒரு வெண்பலகை. மார்க்கரின் வயிற்றில் சைக்கிள் கைபிடி ரப்பரைச் சுற்றித் தடிப்பாக்கி வைத்திருந்தார். நேர்கோடு இரண்டாம் கிழமையே வந்துவிட்டது. வட்டம் வரவில்லை. வோல்ற்றுமானிக்குரிய வட்டம் என்று நான் போட்டது உருளைக்கிழங்கு. மேலே ஏறும் பாதி வரும், திரும்பி இறங்கும்போது முழங்கை சுண்டி இழுத்துக் கோடு உள்ளே வெட்டும். பலகை முழுக்க வட்டம் போட வைப்பார், அழிப்பதும் வலக்கையால். அழிப்பதற்கும் கிளிக் உண்டு.

மற்றது சாப்பாடு. இதைப் பற்றி எந்த வெளிநாட்டுக் கட்டுரையிலும் நான் வாசிக்கவில்லை. அவர்களுடைய அளவுகோலில் இல்லாதது, எங்களுக்கு முதல் தேவையானது. கலியாண வீட்டில் இடக்கையில் கரண்டி பிடித்துக்கொண்டு சோறு தின்ன எந்தத் தமிழனுக்கும் மனம் வராது. பக்கவாதக் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று அளக்கும் ஃபூகல்-மேயர் புள்ளி 66க்கு. 1975இல் சுவீடனில் உருவாகியது. அதில் உருளையைப் பிடிப்பது உண்டு, கறியோடு சோறு குழைப்பது இல்லை. மிஸ் ஒரு தட்டில் ஈரப் பிட்டைக் கொண்டுவந்து வைத்தார். அஞ்சு விரலையும் குவித்து, குழைத்து, பெருவிரலால் தள்ளி வாய்க்கு. பெருவிரல் தள்ளுகிற அந்தக் கடைசி அசைவு இருக்கிறதே, அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று நல்ல கையுள்ள யாருக்கும் தெரியாது. முதலில் மேசையெல்லாம் பிட்டு. இப்போது வீட்டில் வலக்கையால்தான் சாப்பிடுகிறேன், கொஞ்சம் நேரம் எடுக்கும். மீன் முள் எடுக்க மட்டும் இடக்கை.

இனி மெசினுக்குக் கொடுக்கும் மேலதிக 2,500 பற்றி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? மகள் தேடி எடுத்து அனுப்பியவற்றை உட்கார்ந்து வாசித்தேன். ஒக்ஸ்போர்டில் 24 பேரோடு செய்த சின்ன ஆய்வு, 2016: ஒன்பது நாள் பயிற்சி, பாதிப் பேருக்கு உண்மையான கரண்ட், மிச்சப் பேருக்குப் பொய்க் கரண்ட். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், கையைப் பாவிக்கும் திறனை அளக்கும் இரண்டு சோதனைகளில் உண்மையான கரண்ட் எடுத்தவர்கள் முந்தி நின்றார்கள். 66 புள்ளி அளவுகோலில் வித்தியாசம் இல்லை. நல்ல செய்திதான், ஆனால் 24 பேர். பெரிதாகச் செய்தபோது? அமெரிக்காவில் காந்தத்தை வைத்து நடந்த நிச் ஆய்வு 2018இல் வந்தது. 199 பேர். கெடாத பக்க மூளையைக் காந்தத்தால் அடக்கிவிட்டுக் கைப்பயிற்சி. நன்றாக முன்னேறியவர்கள் உண்மையான காந்தக் கூட்டத்தில் 67 வீதம், பொய்க் காந்தக் கூட்டத்தில் 65 வீதம். 2025இல் வந்த இன்னொன்று எங்களுடைய பெட்டியையே ஒத்தது: 129 பேர், கையுறைப் பயிற்சியோடு 2 மில்லி அம்பியர், 4 மில்லி அம்பியர், பொய் என்று மூன்று கூட்டம். கரண்ட் கூட்டங்கள் பொய்க் கூட்டத்தை வெல்லவில்லை.

பொய்க் கரண்ட் என்பது எப்படி என்று கேட்பீர்கள். அரை நிமிடம் ஏற்றி, எறும்பு ஊரவிட்டு, சத்தமில்லாமல் இறக்கிவிடுவார்கள். நோயாளி கண்டுபிடிக்க மாட்டார். ஒரு நாள் நான் மிஸ்ஸிடம், எனக்கும் சொல்லாமல் அப்படிச் செய்து பாருங்கள் என்றேன். "அதுக்குச் சேர் காசு குடுக்கத் தேவையில்லையே" என்று சிரித்தார். அது ஒரு பதில்தான்.

நிச் ஆய்வின் அந்த 65ஐ இன்னொரு முறை பாருங்கள். கட்டுரையை வாசிக்கிறவர்கள் 'காந்தம் தோற்றது' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நோயாளியாக நான் வாசிக்கும்போது எனக்குத் தெரிவது வேறு. மூன்று மாதத்தைத் தாண்டிய கைகள், வெறும் பயிற்சியோடு, மூன்றில் இரண்டு பங்கு நன்றாகத் தேறியிருக்கின்றன. எனக்குப் பெரியாஸ்பத்திரியை விட்டு வரும்போது பக்கத்துக் கட்டில்காரர் சொன்னது, மூன்று மாதத்தில் வந்ததுதான் கை என்று. அவருக்கு யாரோ சொல்லியிருப்பார்கள்.

பயிற்சியோடு மின்சாரம் சேர்ந்து வென்றதும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கழுத்தில் ஓடும் வேகசு நரம்பில் ஒரு கம்பியைச் சுற்றி, நெஞ்சுத் தோலுக்குள் பற்றரி வைத்து, நோயாளி கையை அசைக்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் கணத்தில் சிகிச்சையாளர் பொத்தானை அமத்துவார். 108 பேரில் செய்து 2021இல் வெளியிட்டார்கள். ஆறு கிழமைப் பயிற்சி முடிவில் கரண்ட் பெற்றவர்கள் 66க்கு 5 புள்ளி கூடினார்கள், மற்றவர்கள் 2.4. அதே வருடம் ஓகஸ்டில் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. அங்கே ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தூண்டல், கணக்காக அந்த நேரத்துக்கு. இருபது நிமிடம் ஊறவைக்கிற வேலை அல்ல. ஆனால் அது சத்திரசிகிச்சை, எங்களுடைய ஒழுங்கைக்கு வரக் காலம் எடுக்கும்.

இப்போது என்னுடைய பெரிய முறைப்பாடு. இந்த நிலையம் வேலை நெருக்கும் நாட்களில் தன்னுடைய மெசினைத் தானே பாழாக்குகிறது. சனிக்கிழமை காலை போனால், உதவியாளர் ஒருவர் வந்து பஞ்சுறையை வைத்து, பெட்டியை ஓடவிட்டுவிட்டுப் போய்விடுவார். மிஸ் அப்போது அடுத்த அறையில் வேறொருவரோடு. நான் தலையில் பட்டியோடு மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். 20 நிமிடம் முடியும், கழற்றுவார்கள். மிஸ் வரும்போது நேரம் போயிருக்கும். அதே பில், அதே 6,500. பக்கத்துக் கதிரையில் இருந்தவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே முழு 20 நிமிடத்தையும் முடித்துவிட்டு, கையை ஐந்தாறு தரம் ஆட்டிவிட்டுப் போனார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. கரண்டோடு சேர்த்து அசைப்பதற்குத்தானே இந்தச் சிகிச்சை? ஏன் இப்படி என்று சொந்தக்காரரிடம் கேட்டேன். மெசின் எப்படியும் உள்ளே வேலை செய்யும் சேர் என்றார். இதைத்தான் கடைச் சரக்கு விற்பது என்பது.

அதற்குப் பிறகுதான் நான் 4,000 ரூபாச் சீட்டுக்கு மாறினேன். மிஸ்ஸோடு முழு மணித்தியாலம், கிளிக் கருவியோடு. தலை நனையாது. முன்னேற்றம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. 66க்கு 41இல் தொடங்கினேன், கடைசியாக அளந்தபோது 47. இதில் எது கரண்ட், எது பயிற்சி, எது உடம்பு தானாகத் தேறியது என்று பிரிக்க என்னால் முடியாது. ஒரே ஆளில் அப்படிப் பிரித்துக் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும், ஏ.எல். பரீட்சையில் அவருக்குப் புள்ளி போடமாட்டேன். சட்டைப் பொத்தான் பூட்டுகிறேன், திறப்பு சுழற்றுகிறேன், வகுப்பும் சின்னதாகத் தொடங்கிவிட்டேன். தரையில் விழுந்த சில்லறை மட்டும் இன்னும் வராது. அதை மாணவர் பொறுக்கித் தருகிறார்கள்.

மாணவர் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் இந்தப் பெட்டியின் சுற்றைப் பலகையில் வரைந்து காட்டியபோது இரண்டு பெடியன்கள், "சேர், இதை நாங்களே ஆயிரம் ரூபாய்க்குள்ள செய்து தாறம்" என்று கிளம்பிவிட்டார்கள். செய்யவும் முடியும், அதுதான் பயம். பஞ்சுறை 5க்கு 7 சென்ரிமீற்றர், 35 சதுர சென்ரிமீற்றர். 2 மில்லி அம்பியரை அதில் பரப்பினால் சதுர சென்ரிமீற்றருக்கு 0.06கூட வராது. பஞ்சு காய்ந்து ஒரு மூலை மட்டும் தோலில் முட்டினால் அதே ஓட்டம் முழுக்க அந்த மூலையால் பாயும். தோல் வெந்துபோகும். தடை ஏறினால் தானாக நிறுத்துகிற ஏற்பாடு நல்ல பெட்டியில் இருக்கும், பெடியன்களுடையதில் இருக்காது. இணையத்தில் பார்த்து ஒன்பது வோல்ற் பற்றரியைத் தகப்பனின் தலையில் கட்ட நினைக்கும் பிள்ளைகள் இதைக் கணக்காகச் செய்து பார்க்கட்டும்.

வீட்டுக்குச் செலவில்லாத ஒன்று வேண்டுமென்றால் கண்ணாடி. மேசை நடுவில் நிமிர்த்தி வைத்து, கெட்ட கையை அதற்குப் பின்னால் ஒளித்து, நல்ல கையின் விம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைப்பது. கையிழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்கு இதைக் கொண்டுவந்தவர் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன். பக்கவாதத்துக்குப் பாவித்துப் பார்த்தது 1999இல் வெளியானது. மிஸ்தான் பழக்கினார், சீட்டில் சேர்க்கவில்லை. விரல் திறப்பதற்கு எனக்கு அது உதவியதாகவே நினைக்கிறேன், மனிசிக்கு அதில் நம்பிக்கை இல்லை.

யார் போகலாம்? விரல் கொஞ்சமாவது தானாக அசைகிறவர்கள், கிழமைக்கு மூன்று நாளாவது வர முடிந்தவர்கள், வீட்டில் கையுறையோடு மல்லுக்கட்டப் பொறுமையுள்ளவர்கள். வலிப்பு வந்தவர்கள், தலையில் உலோகம் உள்ளவர்கள் தங்கள் நரம்பியல் டொக்டரிடம் கேட்காமல் பெட்டிப் பக்கமே போக வேண்டாம். காசு இறுக்கமென்றால் இந்த ஒழுங்கைக்கு வர வேண்டும் என்றில்லை. பெரியாஸ்பத்திரியிலும் ராகமைப் புனர்வாழ்வு ஆஸ்பத்திரியிலும் பிசியோ இலவசம். அங்கே எண்ணிக்கையை நீங்களே எண்ணுங்கள். கிளிக் கருவி புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும், என்னுடையது அங்கே வாங்கியதுதான்.

போகிறவர்களுக்குச் சில விசயம். ஞாயிறும் போயா நாளும் பூட்டு. சனி காலையைத் தவிருங்கள், செவ்வாய், புதன் பின்னேரம் ஆறுதலாக இருக்கும். நேரம் எடுக்கும்போது மட்டக்களப்பு மிஸ் வேண்டும் என்று சொல்லி எடுங்கள், சொல்லாவிட்டால் அந்த நேரத்தில் சும்மா இருக்கிறவரிடம் தள்ளிவிடுவார்கள். மெசினோடுதான் போவதென்றால், கரண்ட் ஓடும்போதே கை வேலை தொடங்குமா என்று முன்கூட்டியே கேட்டு, ஆம் என்றால் மட்டும் காசைக் கட்டுங்கள். கார் நிறுத்த இடமில்லை, ஆட்டோவைப் படிக்குக் கிட்டவே நிறுத்தச் சொல்லுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போடுங்கள், தலை நனைந்த பிறகு ரீ சேர்ட் கழற்றுவது பெரிய பாடு. துவாய் கொண்டுபோங்கள். அங்கே வாங்கினால் அதற்கும் 150 ரூபா பில்லில் ஏறும்.